ரெண்டுக்கப்புறம் நாலு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், கணினியில் மின்சார வரைபடம் போட்டுக் கொடுப்பவர் அவர். ஒல்லியானவர், மடிப்புக் கலையாத சட்டை. வரைபடத்தில் ஒரு மோட்டாரை நீக்கினால், மிச்ச எண்களை இடைவெளி தெரியாமல் நகர்த்திவிடுவது அவர் பழக்கம்.

எங்கள் அரிசி ஆலையில் ஏழு மோட்டார்கள். மூன்றாவதைக் கழற்றியதும் புதுப் படம் தந்தார். அதில் ஐந்தாவது மோட்டார் நான்காகியிருந்தது. சுவிட்ச் பெட்டியிலோ பழைய எண்களே ஒட்டியிருந்தன. எலக்ட்ரீஷியன் படத்தை நம்பி, நாலாம் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் நிற்காத அந்தப் பழைய ஐந்தாவது மோட்டாரில் கை வைத்தான். மின்சாரம் தூக்கி எறிந்தது. பிழைத்ததே பெரிது.

“ஆளு செத்திருப்பான்யா! நம்பர மாத்தச் சொல்லி எவன் கேட்டான்?” என்று அவர் அறைக்கே போய்க் கத்தினேன்.

“ரெண்டுக்கப்புறம் நாலுன்னு இருந்தா பாக்க அசிங்கமா இருக்குது சார்,” என்றார்.

பேசிக்கொண்டே, வேறு யாருக்கோ போடும் படத்தில் ஒரு மோட்டாரை அழித்தார். எண்கள் நகர்ந்து வரிசையாயின. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.