பதினொரு பேருக்கு ஒரே விலாசம்

யாழ்ப்பாண நகரில் வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்காக, செவ்வாய், வியாழன், சனி காலைகளில் பஸ் நிலையத்துக்கு அருகே இலவச கிளினிக் ஒன்று நடக்கிறது. அதைத் தொடர்வதா, இந்த மாதத்தோடு நிறுத்துவதா என்று நகர ஆலோசனைக் குழு வெள்ளிக்கிழமை முடிவெடுக்கும். காலமான என் கணவரின் இடத்தில் அந்தக் குழுவில் நான் இருக்கிறேன். சென்ற கூட்டத்தில் நோயாளர் பதிவேட்டைப் புரட்டியபோது பதினொரு பேருக்கு ஒரே விலாசம் எழுதியிருந்தது. பொய்ப் பதிவு என்று எல்லோர் முன்னும் சொன்னேன். நிறுத்தச் சொன்னவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் அதன்பிறகு நிம்மதியில்லை. நேரில் பார்க்காமல் கை உயர்த்த மனம் வராததால் செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன்.

சாவகச்சேரியில் காலை 5.50க்குப் பஸ். பதினாறு கிலோமீற்றர், நாற்பது நிமிடம், எண்பது ரூபாய். இருக்கை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். எழுபத்து நான்கு வயதில் கைதடி வரை நின்றுதான் போனேன்.

அந்த விலாசத்தில் வீடில்லை, ஒரு தேநீர்க் கடைதான் இருந்தது.

“பதினொரு பேர் இஞ்சையோ இருக்கினம்?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“இதுக்குள்ளை நானே பக்கவாட்டிலைதான் நிக்கிறன், அம்மா,” என்றார். “ரத்தம் சோதிச்சா ரிப்போட் எங்கையாவது வரவேணுமெல்லே. இஞ்சை வரும். பிளேன்ரீக்கு வரேக்கை குடுப்பன்.”

பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்து காட்டினார். பெயர் எழுதிய கடித உறைகள் வரிசையாக இருந்தன.

கடையிலிருந்து ஐம்பது அடியில் கிளினிக். ஒரு மேசை, உட்கார இரண்டு வாங்கு. தாதி ஒரு மனிதரின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் தங்கராசா, முன்பு மேசன். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், இரண்டு கால்விரல்கள் ஏற்கெனவே போய்விட்டன.

“பெரியாஸ்பத்திரி பக்கத்திலைதானே. அங்கை போனால் என்ன?” என்றேன்.

“போய்க் காத்திருந்திட்டு வந்தா என்ரை பாய் பை ஒண்டும் கிடவாது. இஞ்சையெண்டா கண்ணுக்கு முன்னாலை கிடக்கும்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கூட்டத்துக்குப் போற அம்மாவோ?”

“ஓம்.”

“என்ரை கால் இருக்கிறதோ போறதோ எண்டு நீங்கள் கை உயர்த்திச் சொல்லுவியளாம்.”

“காலை ஆட்டாதேங்கோ அண்ணை, கதைச்சது காணும்,” என்றார் தாதி.

குனிந்து பார்த்தேன். புண்ணின் விளிம்பு இளஞ்சிவப்பாக மூடிவருகிறது. நடுவில் இன்னும் ஆழமிருக்கிறது. ஆற எவ்வளவு காலமாகும் என்று தாதியைக் கேட்டேன். “விடாமல் மருந்து கட்டினா ரெண்டு மாசம். விட்டா, கணுக்காலோடை எடுக்கவேண்டி வரும்.”

திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை.

போக விரும்புவோருக்கு: கிளினிக் 6.45 முதல் 8 மணி வரை. படம் எடுக்காதீர்கள். பழைய உடுப்பு மூட்டை வேண்டாம், அங்கே அவற்றை வைக்க இடமில்லை. மருந்து கட்டிய காலுக்குப் போதுமான பெரிய செருப்புகளே தேவை. தாதியிடம் அளவு கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம், யாரும் வந்து கேட்கலாம். பேச வேண்டியதை நான்கு தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் ஏன் அப்படி நினைத்தேன் என்ற விளக்கம் தானாக நீண்டுவிட்டது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். நான் சொன்னது பிழை, கிளினிக்கை நிறுத்தக் கூடாது. இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.