கோழிக்கு வந்த டாக்டர்

எங்கள் அம்மாவின் இருமல்தான் கோழிகளைக் கொன்றது என்று தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டே நம்பியது.

அம்மா முதலாளியம்மாவின் கோழிக் கொட்டகையில் வேலை பார்த்தாள். கோழிகளுக்குப் படுக்கை போட, கீழே குப்பனூரிலிருந்து வைக்கோல் ஏற்றிவர வேண்டும். அது எதற்கு வீணாக என்று, காப்பிப் பழத் தொலியையே பரப்பச் சொன்னார் முதலாளியம்மா. கார்த்திகை மழையில் எங்கள் மலையில் வெயில் எட்டிப் பார்க்காது. ஈரத் தொலியில் பச்சையாகப் பூசணம் பூத்தது. மேலாகக் காய்ந்ததும் அம்மா அதைக் கிளறிவிடுவாள். தூசி புகையாக எழும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வாள், அவ்வளவுதான்.

தை பிறப்பதற்குள் அம்மாவுக்கு இருமல் கண்டது. கோழிகளும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் செத்தன.

“உனக்கு டி.பி. இருக்கு. அதுதான் கோழிக்கு ஒட்டிக்கிச்சு. இனி இந்தப் பக்கம் வராத” என்றார் முதலாளியம்மா.

“இல்லீங்கம்மா, கோழிக்கும் எனக்கும் ஒண்ணாத்தானுங்க இழுப்பு வந்துச்சு.”

யார் கேட்டார்கள்? தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் குழாயடியில் எங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அப்பாகூட அம்மாவுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தார்.

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் கோழிகள் சாவது நிற்கவில்லை. சேலத்திலிருந்து மாட்டு டாக்டர் ஜீப்பில் வந்தார். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நிற்க, செத்த கோழி ஒன்றை அறுத்து நுரையீரலைக் காட்டினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கட்டி. அதன்மேல் பழைய ரொட்டியில் பூப்பது போலப் பச்சை.

“இது ஒட்டுவாரொட்டி இல்லீங்க. தொலிப் பூசணம் மூச்சோட உள்ள போயிருக்குது. இங்க வேலை செய்யற ஆளுக்கும் நொம்ப ஆவாதுங்க.”

முதலாளியம்மா தலையாட்டினார். மாலைக்குள் தொலியை வாரிக் குழியில் புதைத்தார்கள். கோழிகள் வெயில் விழும் அறைக்குக் குடிபோயின. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்தப் பழியைத் திரும்ப எடுத்துக்கொள்ள எங்கள் லைனுக்கு ஒருவரும் வரவில்லை. கோழிக்குச் சொன்னது மனுஷருக்கு எப்படிப் பொருந்தும் என்று எஸ்டேட் கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே டி.பி. மாத்திரையையே கொடுத்தார். அடுத்த வருஷம் காப்பிப் பழம் பறிக்கையில் அம்மா இல்லை.

டாக்டர் வந்த அன்று நான் வீட்டுக்கு ஓடி, அவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். இனிக் கோழிகள் பிழைத்துக்கொள்ளும் என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா அவசரமாக எழுந்து கொண்டையை முடிந்தாள்.

“அந்த டாக்டரு இன்னும் இருக்காரா கண்ணு?”

“ஜீப்பு போயிருச்சும்மா.”

அம்மா மறுபடி பாயில் உட்கார்ந்துவிட்டாள். கோழிகள் மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் என்றுதான் நான் நினைத்தேன்.