என் கல்லறைக்குள் என் மார்க் ஷீட்

அறுபத்து மூன்று வயதில் கல்லூரி மாணவியாக இருப்பதும் ஒரு தொழில்தான்: சம்பளம் கிடையாது, ஆனால் தினமும் நேரத்துக்குப் போக வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும், நான் நான்தான் என்று நாளொன்றுக்கு நாலு பேரிடம் நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, ஏதாவது ஓர் ஆபீஸ் ஜன்னல் முன்னால் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்கதை சுருக்கம்தான். என் பெயர் ரெஜினா மேரி. திருச்சியில் ஒரு கிறிஸ்தவ வாத்தியாரின் மூத்த மகள். பிளஸ் டூ முடித்து, பி.ஏ. வரலாறு படிக்க சீட்டும் வாங்கி, கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை வரதனோடு சென்னைக்கு ரயிலேறிவிட்டேன். பிறகு நியூசிலாந்து. அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் பாத்திரம் தேய்த்தேன். வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றுக்குக்கூட பதில் வரவில்லை. மூன்று வருடம் முன்னால் வரதன் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆசை. அன்றைக்கு விட்டுவிட்டுப் போன அந்த சீட்டில் உட்கார்ந்து பி.ஏ. படிக்க வேண்டும். வந்தேன், உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொல்லத்தான் எத்தனை பேர்!

ஜன்னல் நம்பர் இரண்டு

வயது வரம்பு இல்லை என்பதால் அட்மிஷன் சுலபமாகவே கிடைத்தது. என்னிடம் இருந்தது அட்டெஸ்ட் செய்த பழைய நகல் ஒன்று. ஒரிஜினல் மார்க் ஷீட்டை நவம்பர் நாலாம் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் செமஸ்டர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, பெயரையும் எடுத்துவிடுவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஒரிஜினல் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் யார் யார் வாய் வழியாகவோ சுற்றிவந்து எனக்குக் கிடைத்திருந்தது. இதையெல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க்கிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையான மனிதர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"செத்துப்போனவங்களோட ஒரிஜினலையே வாரிசுங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க. உயிரோட இருக்குற உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

குனிந்து பார்த்தவர்

தங்கை ஸ்டெல்லாவிடம் மார்க் ஷீட் இருக்கலாம். நான் போகும்போது அவளுக்குப் பதினோரு வயது. அவள் விலாசம் கேட்க எங்கள் பழைய பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். உபதேசியாருக்கு அறுபதை ஒட்டிய வயது. என் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் மெதுவாகக் குனிந்து என் கால்களைப் பார்த்தார். கால் தரையில் பட்டிருக்கிறதா என்று சோதிக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

எழுந்து போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கிற இறந்தவர் பட்டியல். ஒவ்வொரு வருடத்துப் பக்கத்திலும் ரெஜினா மேரி. நான் அந்தப் பக்கம் பனியில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற வருடங்களில் எல்லாம் இந்தப் பக்கம் என் ஆத்மா இளைப்பாற ஜெபம் நடந்திருக்கிறது. கொள்ளிடத்து வெள்ளத்தில் நான் போய்விட்டதாக அப்பா சொன்னாராம். கரையில் என் செருப்பு மட்டும் கிடந்ததாம். நான் புதுச்செருப்பு போட்டுக்கொண்டுதான் ரயிலேறினேன். பழையதை அப்பா தன் கையால் எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் வைத்திருக்கிறார். பெண் ஓடிப்போனாள் என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. உடம்பு கிடைக்காததால் என் சாமான்களை வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். உபதேசியார் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"பெட்டி கனமே இல்லீங்க. முன்னாடி சிலுவை தூக்கிட்டுப் போன பையன் நான்தான். உங்க சேலை, புஸ்தகம், மார்க் ஷீட்டு எல்லாத்தையும் உள்ள வெச்சுத்தான் மூடுனாங்க."

பெருவிரல்

இது சின்ன விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவு விரல் ரேகையில். முப்பது வருடம் வெந்நீரிலும் சோப்புக் காரத்திலும் கிடந்த என் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. கோயிலுக்குப் போய்வந்த மறுநாளும் பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. பத்து விரலும் சிவப்பு. எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். என் வகுப்புப் பெண் ஒருத்தி, அரியமங்கலத்திலிருந்து வருகிறவள், தன் துப்பட்டாவால் என் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு ரொம்ப வருத்தமாகச் சொன்னாள்:

"மெஷினுக்கு நீங்க தெரியவே மாட்டேங்குறீங்க ஆன்ட்டி."

தோற்றம், மறைவு

கல்லறைத் தோட்டத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. நன்றாக வெள்ளையடித்து, களை பிடுங்கி, யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற கல்லறை. கல்லில் முதல் பெயர் என்னுடையது. தோற்றம் சரி. மறைவு என்ற இடத்தில் நான் சென்னை ரயில் ஏறிய தேதி. அதற்குக் கீழே அம்மா, அதற்கும் கீழே அப்பா. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. என் பெயர் மேல் கை வைத்தேன். மற்ற இடமெல்லாம் சுட்டது. அந்த இடம் மட்டும் குளிர்ந்திருந்ததுபோல எனக்குத் தோன்றியது. வேப்பமர நிழல் விழுந்ததுதான் காரணமாக இருக்கும், இருக்க வேண்டும்.

தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார். நான் யார் என்று சொல்லி, பெட்டியை வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுக்கலாம், ஃபாதரின் கடிதமும் வீட்டார் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார். நாற்பத்தைந்து வருடத்தில் காகிதம் என்ன ஆகியிருக்குமோ என்றேன். காகிதத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

"ஒரே குழிங்க. அடியில உங்க பெட்டி, அதுக்கு மேல உங்கம்மா, அதுக்கும் மேல உங்கப்பா. அவங்க ரெண்டு பேரையும் எழுப்பாம உங்கள எடுக்க முடியாதுங்களே."

காணவில்லை

அப்பா அம்மாவைக் கிளறுவதா? மனசு கேட்கவில்லை. சர்டிபிகேட் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதி வாங்கினால் டூப்ளிகேட் கிடைக்கும் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மகள் வயதுதான் இருக்கும். "எங்கம்மா தொலைச்சீங்க?" என்றார். பஸ்ஸில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஏற்கெனவே ஒரு பொய்யால் புதைக்கப்பட்டவள் நான். இன்னொரு பொய்யை என் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பக்கத்தில் இருந்த ஏட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்த மனுவை என் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்:

"அப்ப அது காணாமப் போகலையேம்மா. எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியுது, இப்ப எனக்கும் தெரியுது. நான் எப்படிக் கிடைக்கலன்னு எழுதித் தர்றது?"

காக்கை

சொந்தக்காரர் யாராவது, இன்னார் இன்னார்தான் என்று அபிடவிட் கொடுத்தால் கல்லூரியில் அவகாசமாவது கேட்கலாம் என்றார் என் வகுப்பு ஆசிரியர். நான் வாடகைக்கு இருப்பது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பக்கத்தில். இரண்டு தெரு தள்ளி வரதனின் தம்பி வீடு. அதுவரை போகத் தைரியம் வரவில்லை. அன்று போனேன்.

நெற்றியில் பளிச்சென்று நாமம், எழுபதை நெருங்கும் உடம்பு, முகத்தில் அப்படியே வரதன் ஜாடை. அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். வரதன் வீட்டை விட்டுப் போன அன்றே அவர்கள் அப்பா தலை முழுகி, செத்தவனுக்குச் செய்யும் காரியங்களைச் செய்துவிட்டாராம். பிறகு வருடம் தவறாமல் திதி. அப்பாவுக்குப் பிறகு இவர் செய்கிறார். பிண்டம் வைத்துக் கூப்பிட்டால் காக்கை உடனே வந்து எடுத்துக்கொள்ளும் என்றார். வரதன் இறந்து மூன்று வருடம்தான் ஆகிறது, அதுவரை என்னோடு உட்கார்ந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னேன். அவர் முற்றத்தில் பிண்டம் வைக்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அபிடவிட் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவர்தான் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஒரு வருஷம்கூடக் காக்கா வராம இருந்ததில்லையே. அப்போ இத்தனை காலமா எங்காத்துல வந்து சாப்ட்டுட்டுப் போனது யாரு?"

தென்னூரில் ஒரு வீடு

மிச்சம் இருந்தது ஸ்டெல்லா. வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். அவளும் இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு இந்த ஊரில் ஆளே கிடையாது. தென்னூரில் மாடி வீடு. கதவைத் திறந்தவளை நான் ஒரு நொடியில் அடையாளம் கண்டேன். அவளும் என்னைக் கண்டுகொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் உதடு 'அக்' என்றுகூடத் தொடங்கியது. பின்னால் அவள் கணவர் வந்து நின்றார். "யாரு ஸ்டெல்லா?" என்றார்.

அவள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஓடிப்போன அக்கா இருந்திருந்தால் அவளுக்கு வரன் வந்திருக்காது. ஆற்றோடு போன அக்கா என்றதால் பாவம் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பொய்யின் மேல்தான் அவள் வீடு நிற்கிறது. புரிந்தாலும் ஆத்திரம் ஆத்திரம்தானே? "நான் ரெஜினா. எனக்கு உன் கையெழுத்து வேணும்" என்றேன். அவள் உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். விரல்கள் பட்டன. என் கண்ணைப் பார்த்து, அயலாரிடம் பேசுகிற அத்தனை பணிவோடும் சொன்னாள்:

"எங்க அக்கா செத்து நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுங்க. நீங்க வீடு மாறி வந்திருக்கீங்க."

கல்லறைத் திருநாள்

அந்தக் கோபத்தில் நேராகப் போய்க் கல்லறையைத் திறக்க ஃபாதரிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். தங்கையின் கையெழுத்து வேண்டும், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார் அவர். நவம்பர் இரண்டாம் தேதியும் வந்துவிட்டது. கல்லூரி கொடுத்த கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள். சாயங்காலம் தோட்டம் முழுக்க செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம். நான் என் கல்லறையில் போய் உட்கார்ந்தேன். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு மனம். அப்படியானால் சீட் போச்சு என்று இன்னொரு மனம். மைக்கில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்கள். ரெஜினா மேரி என்றதும் கூட்டம் முழுக்க இளைப்பாறட்டும் என்று பதில் சொன்னது. பழக்கதோஷத்தில் என் வாயும் சேர்ந்து சொன்னது.

தலை நிமிர்ந்தால் ஸ்டெல்லா நிற்கிறாள், கணவரோடு. என்னைத் தாண்டிக் குனிந்து மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, என் பெயருக்கு நேராக ஒன்று. கைகூப்பி முணுமுணுத்தாள். ஃபாதர் ஃபோன் செய்ததாகவும், கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். என் உயிர் அப்படியே அடங்கிப்போனது. பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பழுப்பேறிய மார்க் ஷீட், ஒரு மடிப்புகூடக் கசங்காமல். பெட்டியை மூடும் சமயத்தில் அப்பா இதை மட்டும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாராம். சாகும்வரை பீரோவில் பூட்டி வைத்திருந்தாராம். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லையாம். நான் அழுதுவிட்டேன். என் தங்கை அழவில்லை. கணவர் பார்த்துக்கொண்டிருக்க, உறையை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இது எங்க அக்காவோடதுங்க. அவளுக்கு இனிமே வேண்டியதில்ல. நீங்க படிங்க."

ஹால் டிக்கெட் வாங்கினேன், பரீட்சை எழுதினேன், ஐந்து பேப்பரும் பாஸ். உயிரோடிருக்கும் ரெஜினா நாலு மாதம் அலைந்தும் நடக்காத காரியத்தை, செத்துப்போன ரெஜினா படுத்த இடத்திலிருந்தே முடித்துக் கொடுத்துவிட்டாள்.