பிரபுவின் தொழுவத்துக்குப் போன பிராம்பிள்

ஹாமோவை அடக்கம் செய்த மறுநாளே மணியக்காரர் ஆஸ்பர்ட் மாடு பார்க்க வருவார் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஹேசல்கோட்டில் குடியானவன் கண்ணை மூடினால் அவன் தொழுவத்தின் சிறந்த உருப்படி பிரபுவுக்குப் போகும். அதைக் கொடுத்தால்தான் விதவை நிலத்தை உழலாம். அதுவும் மறுமணம் செய்யாதவரைதான்.

ஹாமோவின் மனைவி ஏவிஸிடம் இரண்டு பசுக்கள். செவலை குடம் குடமாகக் கறக்கும். பிராம்பிளோ கறக்க உட்காருபவரை உதைக்கும், வேலியைப் பிய்க்கும். ஹாமோ ஒருவனுக்குத்தான் அடங்கும்.

விடிந்ததும் ஏவிஸ் செவலையின் மேல் சேற்றைப் பூசினாள். பிராம்பிளைக் குளிப்பாட்டி, கொம்பில் வெண்ணெய் தடவினாள். பக்கத்து வீட்டுக்காரன் நான் கயிற்றைப் பிடித்து முழங்காலில் ஓர் உதை வாங்கினேன்.

ஆஸ்பர்ட் வந்ததும் அவள் பிராம்பிளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இதை மட்டும் விட்டுடுங்கய்யா! எம் புருஷன் புள்ளையா வளர்த்தது. அந்தச் செவலையை ஓட்டிட்டுப் போங்க."

"யாருகிட்ட? சேத்துல கெடக்கறதை என் தலையில கட்டப் பாக்குறியா?" என்று பிராம்பிளை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் தெரு முனை திரும்பியும் ஏவிஸ் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆளு போயாச்சு, போதும்," என்றேன்.

"நிறுத்த வரமாட்டேங்குது, கில்பர்ட்டு," என்றாள்.

அந்த வாரமே பிராம்பிள் பிரபுவின் வேலியை உடைத்து, பாதிரியாரின் அவரைத் தோட்டத்தை மென்று தின்றபடி வந்து, ஏவிஸின் வாசலில் நின்று கத்தியது. ஆஸ்பர்ட் ஓட்டிப் போனார். மறுபடியும் வந்தது. கடைசியில் பாதிரியாரே பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டார்.

பண்ணைக் கோர்ட்டு கூடியது. அங்கே விதிக்கும் அபராதமெல்லாம் பிரபுவின் பைக்குத்தான் போகும். பிரபுவின் காரியஸ்தர் நடுவில் உட்கார்ந்து, "அவரையைத் தின்ன மாடு யாரோடது?" என்று ஜூரிகளான எங்களைக் கேட்டார்.

"பிரபுவோடதுங்க," என்றேன்.

"அப்போ அபராதம்?"

"பிரபு கட்டணும். பிரபுவுக்குத்தான் கட்டணும்."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு காரியஸ்தர், "வேலி யார் பொறுப்பு?" என்றார். எல்லாத் தலைகளும் ஆஸ்பர்ட் பக்கம் திரும்பின. அபராதம் அவர் தலையில் விழுந்தது.

"ஏவிஸு, தாயே, மாட்டைத் திருப்பி எடுத்துக்கோ," என்று கெஞ்சினார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்குற வழக்கம் நம்ம ஊர்ல கெடையாதுங்களே."

"என்ன வேணும், சொல்லித் தொலை!"

"இந்த அறுப்புக்குப் பிரபு வயல்ல கூலியில்லா வேலைக்கு என்னைக் கூப்பிடக் கூடாது. என் கதிரையே அறுக்க ஆளில்ல."

காரியஸ்தர் தலையசைத்தார். வழக்கப்படி அவர் நீட்டிய கோலின் நுனியைத் தொட்டு, ஏவிஸ் நிலத்தைத் தன் பேரில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிராம்பிள் சாதுவாக நடந்தது. "நான் இதைத் தள்ளிவிடப் பார்த்தேன். இது எம் புருஷனைத் தேடிக்கிட்டு வந்திருக்கு, பாரு," என்று அதன் நெற்றியைத் தடவினாள்.

அடுத்த வசந்தத்தில் மனைவியை இழந்த மாவுமில்காரன் டிராகோ பெண் கேட்டு வந்தான். "வீட்டுக்கு ஒரு ஆம்பளை வேணாமா?" என்றான்.

"உன்னைக் கட்டிக்கிட்டா நெலம் போயிடும். உன் மூஞ்சில கோதுமை வெளையுமா?" என்றாள்.

டிராகோ தாடையைத் தடவிக்கொண்டே போனான். அந்த நிலத்தை ஏவிஸ் சாகும்வரை உழுதாள்.