‘மாஃபி பிரேக்’ ஆன்சன்

அமீரகத்தின் புஜைராவில் குளச்சல் ஆன்சன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘மாஃபி பிரேக்’ என்று கேட்டுப் பாருங்கள், வொர்க்‌ஷாப் தெரு டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்.

மெக்கானிக் விசாவில் வந்தவன். ஊருக்கு வெளியே, மண் போட்ட வட்டத் தடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்பீட்வே பந்தயம் நடக்கும். அந்த பைக்குகளுக்குப் பிரேக்கே கிடையாது. இடது காலை மண்ணில் ஊன்றி, பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் வளைவில் திரும்ப வேண்டும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ, முதல் வருஷமே மூன்று கோப்பை. வேலியோரம் நின்ற அரபிகள் “மாஃபி பிரேக்” என்று கூவினார்கள். பிரேக் இல்லாதவன் என்று அர்த்தம். ஆன்சனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

கூட ஓட்டியவன் பெஷாவர் ஹஸ்னைன். இருவருக்கும் ஒரே ரூம், ஒரே சட்டிச் சோறு. முன்னால் போகிறவன் விழுந்தால் பின்னால் வருகிறவன் தன் பைக்கைச் சாய்த்துப் போட்டுத் தானும் விழ வேண்டும். அங்கே வேறு வழியில்லை. ஹஸ்னைனுக்காக ஆன்சன் இரண்டு முறை அப்படி விழுந்திருக்கிறான். ஒரு முறை தோள்பட்டை எலும்பு முறிந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான்.

போன வருஷம் வொர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். ஆன்சன் சாப்பாடு டெலிவரிக்குப் போனான். வாரத்தில் ஆறு நாள், தினமும் பன்னிரண்டு மணி நேரம், ரோட்டு பைக். சிக்னலுக்குச் சிக்னல் வலது கை பிரேக்கைப் பிடித்தது. பாழாய்ப்போன விரல்கள் அதற்குப் பழகிவிட்டன.

பிப்ரவரிப் பந்தயத்தில், இரண்டாம் சுற்றில் ஹஸ்னைன் விழுந்தான். பின்னால் வந்த ஆன்சன் பைக்கைச் சாய்த்திருக்க வேண்டும். அவன் விரல்கள் பிரேக்கைத் தேடின. இல்லாத பிரேக்கை. வண்டி ஹஸ்னைனின் முதுகில் ஏறிப் போனது.

இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹஸ்னைனை ஊருக்கு அனுப்ப டிக்கெட்டும் போட்டாயிற்று.

“எல்லாரும் ஆக்சிடென்ட்னுதானே சொல்லுகாவ. நீங்க போய் ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றாள் மனைவி டெல்சி, ஓமானின் சலாலாவிலிருந்து போனில். அங்கே அவள் நர்ஸ். ஆன்சனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் அனுப்பினால் செத்துவிடுவோம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனான்.

“பாய், நான் பைக்கைச் சாய்க்கல. கை பிரேக்கைத் தேடிடுச்சு” என்றான் ஹிந்தியில்.

ஹஸ்னைன் கோபப்படவில்லை.

“விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன் பாய். உருண்டு தப்பிக்க நேரம் இருந்தது. பின்னால வர்றது நீன்னு தெரிஞ்சதும் அப்படியே கிடந்துட்டேன்.”