ஆள் இருக்கிற வீடு

நான்கு கூரை. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

உதுமாலெப்பை அதைத் தினமும் ஒரு தடவை எண்ணுகிறார், தென்னை மரத்து உச்சியில் இருந்தபடி. சுபஹ் தொழுகை முடிந்து, ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து, சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பில் அகலமான தோல் பெல்ட்டை மாட்டுகிறார். பெல்ட்டின் மறுமுனை மரத்தைச் சுற்றி வந்து கொளுவுகிறது. முப்பத்துநான்கு வருடம் மின்கம்பம் ஏறிய லைன்மேனின் பெல்ட் அது. ஓய்வு பெற்ற அன்று குறடு, கையுறை, ஏணி எல்லாவற்றையும் கையெழுத்து வைத்து ஒப்படைத்தார். பெல்ட்டைக் கொடுக்கவில்லை. அது சொந்தமாகத் தைப்பித்தது.

வயது அறுபத்திரண்டு. நிந்தவூரின் மேற்குப் பக்கம், வயல் தொடங்குவதற்கு இரண்டு ஒழுங்கை முன்னால் வீடு. அந்த வட்டாரத்தில் யாருக்குத் தேங்காய் பறிக்க வேண்டுமென்றாலும் உதுமாலெப்பைதான் வருவார். கூலி வாங்க மாட்டார். இறங்கியதும் ஒரு இளநீர், அவ்வளவுதான். "இந்த வயசுல என்னத்துக்கு காக்கா, மரத்துல ஏறுறயள்?" என்று ஒழுங்கைப் பெண்கள் கீழே நின்று கேட்பார்கள். மேலேயிருந்து பதில் வரும்: "போஸ்ட்டுல கரண்ட் இரிந்திச்சி. இதுல எறும்பு மட்டுந்தான்."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் அந்த மனிதர் இருபத்தாறு நாள் வீட்டுக்கு வரவில்லை. கரையோரம் முழுக்கக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றிக் கேட்டால் நீண்ட கதை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். "லைட் எரியணுந்தானே" என்பார். கதை முடிந்தது.

மரத்து உச்சியிலிருந்து அவர் எண்ணும் கூரைகளுக்கு வருவோம். இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவான். முதலாவது கூரை, ஓடு போட்டது, அவருடைய மனைவி றஹீமாவுக்கு அவளுடைய வாப்பா கொடுத்தது. மூத்த மகள் ஸாலிஹாவின் கல்யாணத்தோடு அது ஸாலிஹாவுக்குப் போனது. இரண்டாவதை உதுமாலெப்பை கட்டினார், பஸ்லியாவுக்குப் போனது. மூன்றாவதையும் அவர்தான் கட்டினார். கடைசி மகள் பஸ்னாவுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் அவரும் றஹீமாவும் கட்டில், காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றி அடுத்த வளவுக்குப் போனார்கள். மூன்று இடமாற்றமும் சேர்த்து முந்நூறு காலடி தாண்டாது. அதனால் அதை இடமாற்றம் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. புது வளவில் அவர் முதல் வேலையாக ஒரு தேசிக்காய்க் கன்று நடுவார். அது காய்க்கும்போது காயைப் பறிப்பது ஒரு மருமகன்.

றஹீமாவின் கதை வேறு. முதல் வீட்டின் சுவரில் அவளுக்கு ஒன்பது ஆணி இருந்தது. கலண்டருக்கு ஒன்று, சுளகுக்கு ஒன்று, கிப்லாப் பக்கம் மாட்டிய குர்ஆன் ஆயத்துக்கு ஒன்று, இப்படி ஒன்பது. ஸாலிஹாவின் கல்யாணத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் அவ்வளவையும் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து, மேலே இளம்பச்சை அடித்தான். றஹீமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வந்த வீடுகளில் ஒரு ஆணியும் அடிக்க விடவில்லை. "புள்ளைக்குப் போற சுவத்துல ஓட்ட போடப்படா" என்பாள். கலண்டர் கதிரையில் சாய்ந்து நிற்கும். ஹஜ்ஜுக்குப் போன, அவளுடைய கூடப் பிறந்த காக்கா கொண்டுவந்து கொடுத்த பெரிய சுவர் மணிக்கூடு குளிர்சாதனப் பெட்டியின் மேல் மல்லாந்து கிடக்கும். அந்த வீட்டில் நேரம் பார்க்க வேண்டுமானால் எட்டி, குனிந்து பார்க்க வேண்டும். இருபது வருடமாக அந்தக் குடும்பம் அப்படித்தான் நேரம் பார்க்கிறது.

நாலாவது வீட்டை உதுமாலெப்பை ஓய்வுக்குப் பிறகு கட்டினார். கொடுப்பதற்குப் பெண் பிள்ளை மிச்சமில்லை. ஆனாலும் அந்த ஆள் எச்சரிக்கையாகத்தான் கட்டினார். ஒரு அறை, ஒரு சின்ன ஹோல், பின்னால் குசினி. முன் விறாந்தை கிடையாது. நம்முடைய ஊர்களில் எந்த வீட்டின் கூரைத் தட்டைப் பார்த்தாலும் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், நாளைக்கு எழும்பப்போகும் மாடிக்காக. காரைதீவு மேசன் சின்னப்போடி அதைத்தான் கேட்டார்.

"கம்பிய ரெண்டடி மேல விடுவமா காக்கா?"

"வெட்டு."

"அறையும் ஒண்டுதான். என்ன காக்கா, புறாக்கூடா கட்டுறம்?"

"புறாக்கூட்டுக்கு மாப்பிள்ள வரமாட்டான் சின்னப்போடி. நீ வெட்டு."

இதுதான் அவருடைய திட்டம். சீதனத்துக்கு உதவாத வீடு. யாரும் கேட்க முடியாத வீடு. சாகும்வரை றஹீமா கைவண்டிக்குப் பின்னால் நடக்கத் தேவையில்லாத வீடு. றஹீமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்க என்னத்தக் கட்டினாலும் அது போகும்" என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டை வழக்கமான இடத்தில் மல்லாத்தி வைத்தாள்.

கொழும்பில் மகன் றிபாத் இருக்கிறான், மனைவிக்கு அவள் வீட்டார் கொடுத்த எட்டாம் மாடி பிளட்டில். "ரெண்டு பேரும் இஞ்ச வந்திருங்க, அங்க என்ன கெடக்கு" என்று ஒவ்வொரு வாரமும் போன் எடுப்பான். ஒருமுறை பதினொரு நாள் போய் இருந்தார்கள். உதுமாலெப்பைக்கு உயரம் பிடித்தது. பல்கனியில் நின்று எதிர்க் கட்டிடத்து வயர்களைப் பார்த்தே நாளைப் போக்கினார். பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் வரும்போது றஹீமா கேட்டாள்: "அங்கயே இரிப்பமா? உங்களுக்குப் புடிச்சிரிக்கே." அவர் சொன்னார்: "அதுவும் இன்னொரு பொம்புளப் புள்ளைக்கிக் குடுத்த ஊடுதானே புள்ள."

அந்தப் பேச்சு அதோடு போயிற்று. அடுத்த பேச்சைக் கொண்டுவந்தவள் ஸாலிஹா.

ஸாலிஹாவின் மகள் அப்னாவுக்குப் பத்தொன்பது வயது. நல்ல இடம் ஒன்று பேசி வந்தது. மாப்பிள்ளை றாஸிக், கல்முனையில் ஏசி திருத்துகிறவன். ஸாலிஹாவின் கணவர் கட்டாரில் உழைத்து அப்னாவுக்கென்று ஒரு வீடு தொடங்கியிருந்தார். வேலை போய் ஆள் ஊருக்கு வந்ததும் அது ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது.

"வாப்பா, அவங்க வேற ஒண்டும் கேக்கல்ல. ஊடு மட்டுந்தான். எங்கட ஊட்டக் குடுத்தா, கீழ ரெண்டு புள்ளயளோட நான் எங்க போற? நீங்களும் உம்மாவும் ரெண்டு பேர்தானே."

உதுமாலெப்பை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வந்து பாக்கட்டும்" என்றார். ஒரு அறையைப் பார்த்தால் தானாகத் திரும்பிப் போவார்கள் என்பது அவர் எண்ணம். சொந்த மகளிடம் இல்லை என்று சொல்லும் வேலையைச் சுவரிடம் விட்டுவிட்டார். பிழை அதுதான்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பெண்கள் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா றஸாக் அறையை எட்டிப் பார்த்து, இன்னொரு அறை எங்கே என்பது போல் சுற்றிப் பார்த்தார். உதுமாலெப்பையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது ஒரு நிமிடம் நின்றிருக்கும்.

ஏனென்றால் றாஸிக் ஹோலின் நடுவில் நின்று உள்ளங்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான், தொழில் பழக்கம். கையை இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் திருப்பினான்.

"இந்த ஊட்டுக்கு ஏசி தேவல்ல மூத்தாப்பா. காத்து குறுக்கால போகுது. ஆர் சொல்லி வெச்ச ஜன்னல்?"

"நான்தான்" என்றார் உதுமாலெப்பை. பெருமையை மறைக்க முடியவில்லை.

"நல்ல வேல. எங்களுக்கு இது போதும். ரெண்டு பேர்தானே."

"அப்ப முடிஞ்சி" என்றார் றஸாக். "நாளக் குறிப்பம்."

ஸாலிஹா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உதுமாலெப்பை குசினி வாசலைப் பார்த்தார். றஹீமா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த மணிக்கூட்டை எடுத்தாள். பழைய துவாய் ஒன்றில் வைத்து நாலு பக்கமும் மடித்துக் கட்டினாள். முகத்தில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. மூன்று தடவை செய்த வேலையை நாலாம் தடவை செய்தாள்.

கூட்டத்தில் மேசை தட்டிப் பேசுகிறவர்களை இந்தக் கரை நிறையக் கண்டிருக்கிறது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு நடுவில், மகளுக்கு முன்னால், தாழ்ந்த குரலில் ஒருவர் சொன்னதை அந்த ஹோலில் இருந்தவர்கள் மட்டும்தான் கேட்டார்கள்.

"ஊடு நல்லந்தான் மகன். ஆனா அதுல ஆள் இரிக்கி."

"ஆரு?" என்றார் றஸாக்.

"நானும் அவவும்."

"அது சரி காக்கா. எல்லா ஊட்டுலயும் ஆள் இரிந்ததுதான். புள்ளைக்கிக் குடுத்துட்டுப் பெத்தவங்க ஒதுங்கிற. நம்மட வழம அதுதானே."

"ஓம். மூண்டு தரம் ஒதுங்கிட்டம். நாலாந்தரம் ஒதுங்க வயல்தான் கெடக்கு. தண்ணியும் விட்டிரிக்கி."

யாரோ சிரித்தார்கள். ஸாலிஹா சிரிக்கவில்லை. அவர் அவளைப் பார்த்துப் பேசினார். "மகள், அப்னாவுக்கு நீங்க தொடங்கின ஊடு லிண்டலோட நிக்கி. நாளக்கிச் சுபஹுக்குப் பொறகு நான் அங்கதான். கல் தூக்கிற, வயர் இழுக்கிற, கூரையில ஏறுற எல்லாம் எண்ட வேல. நோன்புப் பெருநாளைக்கு முன்ன மேல கூரை கெடக்கும். அது வரைக்கும் இவங்க காத்திரிந்தா அப்னாட நசீபு, அல்லாஹ் எழுதினது. இல்லாட்டி அதுவும் நசீபு."

றஸாக் இப்படி ஒரு கதையைத் தன் வயதில் கேட்டதில்லை என்றார். கேட்டதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். றாஸிக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "பெருநாளைக்கு எத்தின மாசம்?"

"அஞ்சி."

"அப்ப வெள்ளிக்கிழமையில நானும் வாறன். ஜன்னல் எங்க வெக்கிறண்டு காட்டித் தாங்க."

தேத்தண்ணியை எல்லோரும் குடித்தார்கள், ஸாலிஹாவைத் தவிர. அவள் வாப்பாவிடம் சொல்லாமலே போனாள். ஊருக்கு முன்னால் தன்னைத் தாழ்த்திவிட்டார் என்று தங்கைகளிடம் சொன்னாள். தங்கைகள் அதை வாப்பாவிடம் கொண்டுவந்தார்கள். "சொல்லட்டும்" என்றார் அவர். அன்றிரவு அவர் சோறு தின்னவில்லை.

மறுநாள் தென்னைக்குப் போகவில்லை. பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸாலிஹாவின் அரைகுறை வீட்டுக்குப் போனார். மூத்த மருமகனும் அவரும் சுவரோடு கம்பு நட்டுச் சாரம் கட்டினார்கள். அறுபத்திரண்டு வயதில் அந்த மனிதர் கல் சுமந்ததைப் பார்த்துவிட்டு, சின்னப்போடி கேட்காமலே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். "காக்கா, இதுலயாவது கம்பிய விடலாமா?" "விடு. இவளுக்கு ரெண்டு புள்ள மிச்சம் இரிக்கி." தேத்தண்ணி மகளின் வீட்டிலிருந்து வந்தது. ஆனால் கொண்டுவந்தது மருமகன். ஸாலிஹா வரவில்லை. முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வரவில்லை, நாலாம் நாளும் வரவில்லை.

இங்கே குளிர்சாதனப் பெட்டியின் மேல் மணிக்கூடு துவாய்க்குள்ளேயே இருந்தது. றஹீமா அவிழ்க்கவில்லை. உதுமாலெப்பை அதைக் கேட்கவுமில்லை. மகளின் மனம் எரியும்போது உம்மாவால் இந்த வீட்டைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதை விளங்கிக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆறாம் நாள் உச்சி வெயிலில் அவர் சுவர்மேல், சாரக் கம்பில் பெல்ட்டைக் கொளுவி நின்றபோது கீழே தேத்தண்ணிக் கோப்பையோடு ஸாலிஹா நின்றாள்.

"வாப்பா, வெயில் ஏறிட்டு. இறங்குங்க."

"இந்த வரி முடியட்டும்."

"இறங்குங்க எண்டு சொல்றன். கல் ஓடிப் போகாது. பொறகு உம்மா என்னத்தான் ஏசுவா."

இறங்கினார். நின்றபடியே குடித்தார். வீட்டுக்கு வந்ததும் றஹீமாவிடம் ஒரு வசனம்தான் சொன்னார்: "மூத்தவள் தேத்தண்ணி கொண்டு வந்தாள்."

றஹீமா கையைக் கழுவித் துடைத்தாள். துவாயை அவிழ்த்தாள். மணிக்கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்து, இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் உள்ள சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுப்புக் கரியால் ஒரு புள்ளி வைத்தாள்.

உதுமாலெப்பை சாமான் பெட்டியைத் திறந்தார். கதிரையிலிருந்த கலண்டரை எடுத்துக் கீழே வைத்து, கதிரையைச் சுவரோடு போட்டார். முப்பத்துநான்கு வருடம் ஏறிப் பழகிய மனிதர். ஆனால் ஏறவில்லை. சுத்தியலைப் பிடிப்பக்கம் திருப்பி அவளிடம் நீட்டினார். அவள் ஏறும்வரை கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆணி: ஒன்று.