ஆமென் சொல்லுமுன்

ஊசியக்காவுக்குக் கோபம் வந்து ஒருவரும் பார்த்ததில்லை என்று அந்தச் சபையார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அவருக்குக் கோபம் வராத வாரமே கிடையாது. வந்த கோபத்தையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, அடுத்த கைக்கு ஊசி போடப் போய்விடுவார், அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வயதில், செவிலியர் சான்றிதழும் ஒரு வேதாகமமுமாகக் கடல் கடந்து ஊழியத்துக்கு வந்தவர் அவர். "ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு எங்க வேணா போயேன்" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார். "ஆண்டவர் கூப்பிட்டப்ப ஜோடியா வான்னு சொல்லலம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் மகள். வந்த இடத்தில் மொழி தெரியாது. வலிக்கிறதா, எங்கே, எத்தனை நாளாக என்னும் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டே முதல் ஆண்டை ஓட்டினார். இருபத்து மூன்று ஆண்டுகளில், அம்மொழியில் சண்டை போடவும் கேலி பேசவும் கற்றுக்கொண்டார்.

சபைக்குச் சொந்தமான மருத்துவ நிலையத்தில் வேலை. அதன் பின்புறத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. அவர் அந்நாட்டில் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க, ஆண்டுதோறும் போதகர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். போதகர்கள் நால்வர் வந்து போயினர். ஆண்டறிக்கையில், "போதகரின் மேற்பார்வையில் மருத்துவ ஊழியம்" என்னும் வரி மட்டும் மாறவே இல்லை. பிரசவம் பார்த்த கை யாருடையது என்பது அறிக்கையை வாசிப்பவருக்குத் தெரியாது. அதையும் அவர் விழுங்கினார்.

ஒரு வியாழக்கிழமை தையல்காரி வந்தாள். பாடகர் குழுவின் அங்கிகளையெல்லாம் தைத்தவள். குழுத் தலைவனின் மனைவி. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். ஊசியக்கா அவளுடைய மேற்கையை விளக்கின் பக்கமாகத் திருப்பினார்.

"கதவுக்கு அஞ்சு விரல் இருக்குமா?"

"இருக்கும்க்கா. எங்க வீட்டுக் கதவு நல்லாப் பாடவும் பாடும்" என்றாள்.

எக்ஸ்ரேயில் விலா எலும்புகள் இரண்டு விரிசல் விட்டிருந்தன. அன்றே அவளை உள்ளறையில் படுக்க வைத்தார். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டாள். ஆனால் சபை வீட்டில் வெளியாள் தங்கினால் போதகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விதிகளை மீறிப் பழகாத ஊசியக்கா சனிக்கிழமை அவரிடம் சொன்னார்.

"இது உங்க காதோட இருக்கட்டும், ஐயா."

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி, சிஸ்டர்" என்றார் போதகர்.

மறுநாள் காலை ஆராதனையில், முந்நூறு பேர் கண்களை மூடியிருக்க, போதகர் ஜெபித்தார். "பரம பிதாவே, எங்கள் பாடகர் குழுத் தலைவரின் இல்லத்தைச் சத்துரு சோதிக்கிறான். மருத்துவ நிலையத்து வீட்டில் தங்கியிருக்கும் எங்கள் சகோதரியின் மனக்கடினத்தை நீக்கும். அவள் தன் புருஷனுக்குக் கீழ்ப்படிந்து இன்றே வீடு திரும்பக் கிருபை செய்யும்."

ஊசியக்கா கண்களைத் திறந்தார். எதிரே, பாடகர் வரிசையின் முன்னால், இன்னும் இரண்டு கண்கள் திறந்திருந்தன. அவன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தேடிய முகவரி கிடைத்துவிட்டவனின் பார்வை அது.

இருபத்து மூன்று ஆண்டுகளாக விழுங்கியது அத்தனையும் தொண்டைக்கு ஏறியது. போதகர் ஆமென் சொல்லுமுன் ஊசியக்கா எழுந்து நின்று உரக்க ஜெபிக்கத் தொடங்கினார். ஜெபிப்பவரைக் குறுக்கிட்டு நிறுத்தும் துணிவு அந்தச் சபையில் எவருக்கும் கிடையாது.

"பிதாவே, போதகர் விட்டுவிட்டதை நான் சொல்கிறேன். உடைந்த விலா எலும்புகளை நீர் எக்ஸ்ரே இல்லாமலே பார்த்தீர். சுண்டுவிரல் போன வருஷம் முறிந்து கோணலாகக் கூடியிருப்பதையும், மூன்று மாதக் கரு எப்படிப் போயிற்று என்பதையும் அறிவீர். அதைச் செய்த கை இப்போது பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு எட்டாத இடத்தில் அவளை வையும். ஆமென்."

பின்வரிசையில் ஒரு பெண் ஆமென் என்றாள். பிறகு நான்கைந்து பெண்கள் சொன்னார்கள். ஊசியக்கா நடுவழியே வெளியேறினார். அடுத்தது பாடல், அதை அவன்தான் நடத்த வேண்டும். அத்தனை கண்களும் தன்மேல் இருக்க, அவனால் இடத்தைவிட்டு நகர முடியவில்லை. நான்கு சரணங்கள் முடிவதற்குள், ஐம்பத்தொரு வயதுக் கால்கள் வீட்டுக்கு ஓடி, தையல்காரியை வண்டியில் ஏற்றிவிட்டன. ஆராதனை முடியும்போது அவள் ஊரின் மறுகோடியிலிருந்த அரசு மகளிர் காப்பகத்தில் இருந்தாள்.

செவ்வாயன்று கமிட்டி கூடியது. ஐவரும் ஆண்கள்.

"அந்த ஜெபத்தை நீங்க வாபஸ் வாங்கணும், சிஸ்டர்" என்றார் செயலாளர்.

"எப்படிங்க வாங்கறது? அது இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்குமே."

ஒருவரும் சிரிக்கவில்லை. "நான் குடும்பம் சேரணும்னுதான் ஜெபிச்சேன். அவங்க நல்லதுக்குத்தானே" என்றார் போதகர்.

"கிணத்துல போட்ட கல்லுன்னு சொன்னீங்க, ஐயா. கிணத்துல நீங்களே எறங்கி எடுத்துட்டு வந்துட்டீங்க."

"எழுத்துல மன்னிப்பு கேளுங்க. இல்லன்னா இந்த வருஷக் கடிதத்துல கையெழுத்துப் போட முடியாது" என்றார் போதகர்.

"அப்ப பேனாவை மூடி வைங்க" என்று சொல்லிவிட்டு ஊசியக்கா எழுந்தார். அனுமதி முடிய நாற்பது நாள்கள் இருந்தன.

புதன்கிழமை காப்பகத்துக்குப் போனபோது, கமிட்டியில் தாம் பேசியதையெல்லாம் சொல்லும் ஆவல் அவருக்கு இருந்தது. தையல்காரி சன்னலோரம் அமர்ந்து ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டாள், தலை நிமிரவில்லை.

"கமிட்டிக்காரங்களை நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

ஊசியக்காவுக்குப் புரியவில்லை.

"குழந்தை போனதை எங்கம்மாகிட்டகூட நான் சொல்லல. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். இப்ப என் தங்கச்சி போன் பண்ணி, ஏன்க்கா என்கிட்ட மறைச்சேன்னு அழுவுறா. போதகர் என் விலாசத்தைச் சொன்னாரு. மிச்சத்தை நீங்க சொல்லிட்டீங்க."

உன் நல்லதுக்குத்தானே என்னும் சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன. முந்தைய நாள் அதே சொற்களை யாருடைய வாயிலிருந்து கேட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னத்தில் அறை வாங்கியதுபோல் முகம் சுட்டது. போதகர்மேல் இருந்த கோபம் சிறிதும் குறையவில்லை. தம்மேலும் அதே அளவு கோபம் வந்தது.

"தப்புதான்மா. உன்னைக் கேட்டிருக்கணும். மன்னிச்சிரு."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு இன்னும் ஆறல."

"ஆற வேண்டாம். கோபமாவே இரு."

"போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். நானே சொல்றேன். நீங்க பக்கத்துல உக்காந்தா போதும். வாயைத் திறக்கக் கூடாது."

"சரி."

காவல் நிலையத்தில், தாள்கள் குவிந்த ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் பெண் காவலர் எழுதிக்கொண்டே போனார். தையல்காரி விலாவைச் சொன்னாள்; விரலைச் சொன்னாள். கருவைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. ஆனாலும் முழுவதையும் சொன்னாள்.

"முதல்ல கை நீட்டினது எப்போ?"

சுவரிலிருந்த மின்விசிறி இருமுறை திரும்பி வந்தது. அந்த விடை ஊசியக்காவுக்குத் தெரியும்; போன வருஷம், விரல் முறிந்த மாதம், நிலையத்துப் பதிவேட்டில் தாமே குறித்ததுதான். மடியிலிருந்த கைப்பையின் வாரை இறுகப் பற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி இருந்தார்.

"கல்யாணம் ஆன பதினோராம் நாள்" என்றாள் தையல்காரி. "இது இவங்களுக்கும் தெரியாது. எழுதிக்கோங்க."